ஒரு ஐப்பசி அந்த வீட்டில் இருந்து பாருங்கள்

அன்புள்ள ஐயா,

குடவாசலுக்கு அருகில் என் கணவரின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை. சின்ன மாமனார், "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். வந்து பார்த்த மேஸ்திரி, ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டு, சுவருக்கு சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டித் தர ஒன்பது லட்சம் கேட்கிறார். தை பிறந்ததும் குடிபோக வேண்டும் என்று கணவருக்கு ஆசை. எழுபத்துமூன்று வயது மாமியார், "நீங்க எங்க சொன்னாலும் வரேன்" என்பதோடு சரி. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போகலாமா?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

கும்பகோணத்துக்குத் தெற்கே இதே மாதிரி ஒரு வீட்டில்தான் இருபது வருஷமாக இருக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. போங்கள் என்றோ வேண்டாம் என்றோ இப்போது சொல்ல மாட்டேன். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கூரையை மட்டும் ஒழுகாதபடி செய்துகொண்டு, ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வீட்டில் தங்கிவிட்டு முடிவெடுங்கள். நம் பகுதி வீடுகளைத் தின்பது தண்ணீர். வெயிலில் போய்ப் பார்த்தால் அது கண்ணில் படாது.

முதலில் வாசலில் நின்று, தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். சிமெண்ட் ரோடு மேல் சிமெண்ட் ரோடு போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. எங்கள் வீட்டுக்கு நாலு படி இருந்ததாக அப்பா சொல்வார். இப்போது ஒன்றரைப் படி. முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போன காலத்தில் கட்டிய வீடு இது. தெரு உயர்ந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வைத்த அதே தூம்புத் துளை வழியாகத் தெருத் தண்ணீர் முற்றத்துக்குள் வரும். உங்கள் முற்றத்தில் நாலு குடம் தண்ணீரைக் கொட்டி, அது எங்கே போகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கொல்லைப் பக்கம் வடிகால் திருப்ப இடம் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் வருஷா வருஷம் அவதி, ஒன்பது லட்சம் அதைத் தீர்க்காது.

அடுத்தது கூரை. முற்றத்தின் நாலு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய் இருக்கிறதே, ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஏணி வைத்து ஏறி, கூரையைத் தாங்கும் சரிவு மரமான கைமரம் சுவரில் உட்காரும் முனையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் மரம் இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் குழைந்த சோறு மாதிரி உள்ளே போகும். கரையான் மண் கோடு ஓடியிருக்கிறதா என்று சுவர் மேல் விளிம்பையும் பாருங்கள். கெட்ட மரத்தை மாற்றி, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களை அடித்து, ஓட்டைப் பிரித்து அடுக்கலாம். ஓடு மாற்றுகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆனால் அதற்காகக் கான்கிரீட்டுக்குத் தாவ வேண்டாம். அந்தச் சுவர் ஓட்டையும் மரத்தையும் தாங்கக் கட்டியது. அதன் தலையில் தளத்தை ஏற்றுவதென்றால், மேஸ்திரி வாய்வார்த்தை போதாது. ஒரு கட்டடப் பொறியாளர் வந்து சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்.

சிமெண்ட் பூச்சு பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். 2009இல் எங்கள் கூடத்துச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்தோம். தீபாவளிக்குப் பளிச்சென்று இருந்தது. மார்கழியில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்தது. நகத்தால் சுரண்டினால் கோலமாவு மாதிரி வெள்ளையாகக் கொட்டியது, நாக்கில் வைத்தால் உப்பு. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வழியை அடைத்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது. மொத்தத்தையும் கொத்திப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசிய பிறகுதான் சுவர் காய்ந்தது. இரண்டு செலவு. தரை முழுக்க டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான், தரையில் வெளியேற முடியாத ஈரம் சுவரைத் தேடிப் போகும்.

சுவரில் வெடிப்பு இருந்தால் உடனே பதறாதீர்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் ஊறிப் பருப்பது. சுவரும் அதோடு சேர்ந்து அசையும். வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மழை முடிந்து கோடையும் தாண்டிக் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய காயம். உடைந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

காகிதத்தில் இரண்டு விஷயம். டெல்டாவில் எத்தனையோ வீடுகளின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம், கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது. அதனால் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். இன்னொன்று, தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால், அவருக்குப் பெண்கள் இருந்தால், அவர்களுக்கும் பங்கு உண்டு. சின்ன மாமனார் வாயால் கொடுப்பது பத்திரமாகாது. செலவு செய்வதற்கு முன்னால் எல்லோரும் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள்.

இத்தனையும் தாண்டி, உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது மாமியார் சொன்ன அந்த ஒரு வரியில்தான். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் இல்லையா? ஒரு நாள் அவரை மட்டும் அழைத்துக்கொண்டு போங்கள். அடைமழைக்கு எங்கெங்கே பாத்திரம் வைப்பீர்கள் என்று கேளுங்கள். விரல் நீட்டிக் காட்டுவார், எந்தப் பொறியாளரும் காட்ட முடியாத இடங்கள். இரவில் கொல்லைக் கோடிக்கு நடந்து போனதையும், கிணற்றில் இறைத்து இறைத்துத் தோள் வலித்ததையும் அப்போது சொல்லக்கூடும். சொன்னால், கூரை முடிந்த கையோடு அவர் படுக்கிற அறையை ஒட்டி, வழுக்காத தரையும் கைப்பிடியுமாக ஒரு கழிவறை கட்டுங்கள். பெயிண்ட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்குத் திரும்ப மனசில்லை என்று அவர் சொன்னால், அதையும் கணவரிடம் அப்படியே சொல்லுங்கள்.