கம்பைலர் மேல் பழி: ரஸ்ட் கேள்வி-பதில்

ரஸ்ட் என்ற நிரல்மொழி பற்றி இந்த முறை வந்த எல்லாமே மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகளின் கேள்விகள். செம்பனைக் குலை எடையும் சம்பளக் கணக்கும்தான் பாதி.

கேள்வி: அண்ணே, ஒரு நாள் எடை 70,000 கிலோவைத் தாண்டியது. என் நிரல் 65,535 என்றே காட்டுகிறது. நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரின் பிழையா?

இல்லை தம்பி. தசம எண்ணை, வகை மாற்றும் 'ஆஸ்' (as) போட்டு, யு16 (u16) என்ற சிறிய முழு எண் வகைக்குள் திணித்திருக்கிறீர்கள். அது கொள்வதே 65,535 வரைதான். மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். முன்பு இன்னும் மோசம். 2020-இல் ரஸ்ட் 1.45 பதிப்பு வரும்வரை, இப்படி மாற்றினால் என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது நிஜமான ஓட்டை. இன்னும் பெரிய எண்ணைக் கொள்ளும் யு32-க்கு (u32) மாறுங்கள். கணக்கு நிரலில் 'ஆஸ்' கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: கூட்டுத்தொகை ஐ32 (i32) என்ற முழு எண் வகையின் எல்லையை மீறினால், சோதனைக்கான டீபக் வடிவில் நிரல் நின்றுவிடுகிறது. வெளியீட்டுக்கான ரிலீஸ் வடிவில் மைனஸ் எண்ணோடு ஓடுகிறதே?

மொழியின் விதியே அதுதான். திட்டத்தின் அமைப்புகள் இருக்கும் கார்கோ கோப்பில் (Cargo.toml) ரிலீஸ் பகுதியில் ஓவர்ஃப்ளோ-செக்ஸை (overflow-checks) ட்ரூ ஆக்குங்கள், ரிலீஸிலும் நின்றுவிடும்.

கேள்வி: எண்ணைக் கொடுத்தால் பதிவைத் தரும் ஹாஷ்மேப் பட்டியலில் தொழிலாளி எண்ணைத் தேடுகிறேன். இருந்தால் அந்தப் பதிவைச் சுட்டும் ரெஃபரன்ஸைத் திருப்பித் தருகிறேன், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கிறேன். ஒரே தரவை யார் எப்போது தொடலாம் என்று பார்க்கும் பாரோ செக்கர் விடமாட்டேன் என்கிறது.

உங்கள் யோசனையில் தப்பே இல்லை. தோட்டத்தில் ஆள் வரவு எழுதும் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு எத்தனை பேரும் நிற்கலாம்; கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுத ஆரம்பித்தால் வேறு யார் கையும் படக்கூடாது. 'இல்லை' என்றானதும் புத்தகம் மேசைக்குத் திரும்பிவிட்டது, நமக்குத் தெரிகிறது. செக்கரோ, 'இருந்தால் திருப்பு' என்ற கிளைக்காக ஃபங்ஷன் முடியும்வரை புத்தகம் வெளியிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. 2018-இல் வந்த என்எல்எல் (NLL) என்ற செக்கர் மேம்பாடு இந்த மாதிரிச் சிடுக்குகள் பலவற்றை அவிழ்த்தது, இது மட்டும் தங்கிவிட்டது. இதை அவிழ்க்கத்தான் பொலோனியஸ் என்ற புதிய செக்கர். நீங்கள் காத்திருக்க வேண்டாம்: ஹாஷ்மேப்பின் 'என்ட்ரி' (entry) எடுத்து, இல்லாவிட்டால் சேர்க்கும் 'ஆர் இன்சர்ட் வித்' (or_insert_with) போடுங்கள். தேடலும் ஒன்றாகக் குறையும்.

கேள்வி: "கம்பைலர் எதிர்பாராமல் பேனிக் ஆனது" (அதாவது பாதியில் விழுந்துவிட்டது) என்று வருகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் இல்லை! உங்கள் நிரல் குப்பையாகவே இருந்தாலும் கம்பைலர் விழக்கூடாது. விழுந்தால் பிழை அதனுடையது. முதலில் பழைய கோப்புகளை அழிக்கும் 'கார்கோ க்ளீன்' (cargo clean) கட்டளை போட்டுப் பாருங்கள். மாறிய பகுதியை மட்டும் திரும்பக் கம்பைல் செய்யும் இன்கிரிமென்டல் வசதி விட்டுச்சென்ற பழைய மிச்சங்களால் வரும் தொல்லையாக இருக்கலாம். 2021 மே மாதம் அந்த வசதியையே 1.52.1 பதிப்பில் அணைத்து வைத்தார்கள், அவ்வளவு தொல்லை. அப்புறமும் விழுந்தால், நிரலை இருபது வரியாக வெட்டி ரஸ்ட் குழுவுக்கு அனுப்புங்கள். வேலையிடத்து நிரலை அப்படியே ஒட்டிவிடாதீர்கள், உள்ளே யாருடைய சம்பளமாவது இருக்கும்.