மணலில் கால் இழந்த அரணைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கேரட் தோட்டத்தில் மண் கொத்தும்போது, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில், கால் இருப்பதே தெரியாத பளபளப்பான உயிரினம் ஒன்று வெளிப்பட்டது. பாம்புக்குட்டி என்று சொல்லி அடிக்கப் போனவர்களை நான் தடுத்துவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் முன்னங்கால் இல்லாத அரணை உண்டு என்கிறாள் என் மகள். எங்கள் தோட்டத்தில் வந்தது அதுதானா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நீங்கள் தடுத்தது மிக நல்ல செயல். உங்கள் மகள் சொல்வதும் உண்மையே. ஸ்கெலோடீஸ் என்னும் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றரணைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் தென்கோடியில் மண்ணுக்குள் வாழ்பவை. கேப்டவுனை ஒட்டிய கடலோர மணலில் வாழும் ஸ்கெலோடீஸ் பைபீஸுக்கு முன்னங்கால் அறவே இல்லை. பின்னங்கால்களும் ஈர்க்குச்சித் துண்டுபோல மெலிந்து, ஒவ்வொன்றும் இரண்டே விரல்களுடன் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1766-இல் இதற்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ், லத்தீனில் பாம்பைக் குறிக்கும் 'அங்குயிஸ்' என்ற பெயரின் கீழேயே இதை வைத்தார். ஆகவே உங்கள் தோட்டத்தில் நேர்ந்த குழப்பம் பெரிய அறிஞருக்கும் நேர்ந்ததுதான்.

எனக்கு வியப்பளிப்பது, கால் மறைவதன் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே பேரினத்தில் நாம் காணமுடிகிறது என்பதே. எஸ்வாத்தினி நாட்டுப் பகுதியில் வாழும் ஸ்கெலோடீஸ் மைரஸுக்கு நான்கு கால்களும் ஐந்தைந்து விரல்களும் உண்டு. காஃபருக்கு நான்கு கால்கள் இருந்தாலும் விரல்கள் குறைந்துவிட்டன. குரோனோவியிக்குப் பின்னங்காலில் ஒரே விரல். டர்பன் நகரத்தை ஒட்டி வாழும் இனோர்னாட்டஸுக்கோ வெளியே தெரியும் கால் எதுவுமே இல்லை. இவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை அல்ல. பங்காளிகளைப்போல, ஒரே வேரிலிருந்து கிளைத்துத் தத்தம் வழியில் சென்றவை. நகரம் பெருகியதால் வாழிடம் சுருங்கிய இனோர்னாட்டஸ், இன்று அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது.

காரணம் மணலில் இருக்கிறது. உதிரி மணலுக்குள் உடலை நெளித்து நீந்துவதுபோல் செல்லும் உயிருக்குப் பக்கவாட்டில் நீட்டிய கால் தடையாகவே இருக்கும். எனவே பல தலைமுறைகளில் உடல் நீள, விரல் குறைய, பிறகு காலே தேய்ந்துபோகிறது.

இந்த அரணைகள் ஆப்பிரிக்காவைவிட்டு வெளியே இல்லை. நீங்கள் கண்டது நீலகிரியின் இருகோட்டு அரணையாக (கேஸ்ட்லியா பைலினியேட்டா) இருக்கலாம். அதற்குக் குட்டையான நான்கு கால்கள் உண்டு. வேகமாக நழுவும்போது அவற்றை உடலோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அல்லது மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும் பெரோட்டெட்டி என்னும் மழுங்கிய வால் பாம்பின் குட்டியாக இருக்கலாம். கண்ணை உற்றுப் பாருங்கள்: இமை மூடித் திறந்தால் அரணை, இமையே இல்லையெனில் பாம்பு. நான் இங்கே சொன்ன இருகோட்டு அரணைக்கும் பெரோட்டெட்டிக்கும் நஞ்சு கிடையாது. 'அரணை கடித்தால் மரணம்' என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததில் சிறிதும் உண்மை இல்லை; அந்தச் சொல்லை நம்பி எத்தனை அரணைகளைக் கொன்றிருக்கிறோம் என்று எண்ணும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

கேள்வி: பழனிமலையில் கால் இல்லாத அரணை உண்டா?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் மலையின் பெயரையே தாங்கிய அரணை ஒன்று உண்டு. 1892-இல் பெயரிடப்பட்ட கேஸ்ட்லியா பால்னிகா என்னும் அதற்கு நான்கு கால்களும் இருக்கின்றன. சோலைக்காட்டின் ஈரச் சருகிலும் புல்வேரிலும் பற்றி ஏறவேண்டிய உயிருக்குக் கால் இன்றும் பயன்படுகிறது என்றே நான் கருதுகிறேன். கால் அறவே அற்ற அரணையைப் பார்க்க நீங்கள் ஆப்பிரிக்காவரை போகவேண்டியதில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் உள்ள பர்குடா தீவில் கிடைத்த பர்குடியா இன்சுலாரிஸ் அத்தகையது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான அன்னண்டேல் 1917-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அதுவும் உதிரி மண்ணுக்குள் வாழ்வதுதான்.