சுவருக்குள் போவது செம்பா, அலுமினியமா? வீட்டு நெட்வொர்க் கேள்வி பதில்

வீட்டுக்குள் கேபிள் இழுத்து, போட்டோ, வீடியோ எல்லாத்தையும் வீட்டிலேயே ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியா எல்லாரும் பயன்படுத்துற டிஸ்க் பெட்டி) வைக்கிறது பத்தி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வீடு கட்டுபவர், தென்காசி: அண்ணா, அடுத்த வாரம் பூச்சு வேலை. நெட்வொர்க் கேபிளில் கேட்6 ரகம் போதுமா, கேட்7 போடணுமா?

கேட்6 தாராளம் தம்பி. 1 கிகாபிட் வேகம் 100 மீட்டர் வரைக்கும் போகும். 10 கிகாபிட்டே சுமார் 50 மீட்டர் ஓடும். உங்க வீட்டில் அவ்வளவு நீளம் எங்கே இருக்கு? மிச்சமாகிற காசில் பைப்பைப் பெருசாக்குங்க. 25 எம்எம், கரண்ட் வயரோட சேராம தனிப் பைப். திருப்பத்தில் எல்போ வேண்டாம், பெண்டு போடச் சொல்லுங்க. உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டு வையுங்க, பின்னாடி ஃபைபர் இழுக்கணும்னா சுவரை உடைக்க வேண்டியதில்லை. எல்லா ரூம் கேபிளும் ஒரே இடத்தில் வந்து சேரணும்.

பெட்டி மேல கேட்6னு அச்சடிச்சிருந்தா மட்டும் நம்பிடாதீங்க. ஒரு இழையை உரிச்சு பிளேடால சுரண்டுங்க. உள்ளே வெள்ளையா மின்னினா அது செம்பு முலாம் பூசின அலுமினியம். நாலு தடவை வளைச்சா முறியும். கேபிள் வழியா கரண்ட் எடுக்கிற கேமரா மாட்டினா சூடும் ஆகும். ரவுட்டரை எப்ப வேணா மாத்தலாம், சுவருக்குள் போனதை மாத்த முடியாது.

திருச்சி வாசகர்: கிகாபிட் ரவுட்டர், புதுக் கேபிள். ஆனா ஃபைல் காப்பி பண்ணினா செகண்டுக்கு 11 எம்பியைத் தாண்ட மாட்டேங்குது சார்.

அந்த 11தான் துப்பு. 100 மெகாபிட்டை 8ஆல் வகுத்தா 12.5, சில்லறைச் செலவு போக 11 சொச்சம். கிகாபிட் ஓடினா 110 காட்டணும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி வயர் போதும், கிகாபிட்டுக்கு 4 ஜோடியும் வேணும். சுவர் ஜாக்கைக் கழட்டிப் பாருங்க. என் வீட்டில் எலக்ட்ரீஷியன் ஆரஞ்சையும் பச்சையையும் மட்டும் குத்திட்டு, நீலத்தையும் பிரவுனையும் வெட்டி விட்டிருந்தார். கேட்டதுக்கு, "நெட் வருதுல்ல சார்?" என்றார். வந்ததுதான் வினை, ரெண்டு வருஷமா நானும் கவனிக்கல.

அவரே மறுபடி: பிரவுனில் ஒரு இழை முறிஞ்சிருந்தது. திரும்பக் குத்தினேன், 112 காட்டுது!

சந்தோஷம். ஹார்ட் டிஸ்க்கே 150, 200தான் தரும். அதனால 2.5 கிகாபிட் சுவிட்சுக்கு (கேபிள்களை ஒண்ணா இணைக்கிற பெட்டி) அவசரமில்லை. ஆசை வந்தா இதே கேபிளில் ஓடும்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: நாஸில் ரெண்டு டிஸ்க்கை மிரர் போட்டாச்சு, ரெண்டிலும் ஒரே ஃபைல்கள். இனி பேக்கப் எதுக்கு?

மிரர் ஒரு டிஸ்க் செத்தா கைகொடுக்கும், அவ்வளவுதான் அக்கா. பையன் தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். மாசம் ஒரு தடவை தனி யுஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அம்மா வீட்டு பீரோவில் வையுங்க. அடுத்த தடவை டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரான்னு (பதிவுத் தடங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகை) கேட்டு வாங்குங்க. எஸ்எம்ஆர் வகையில் பதிவுத் தடங்கள் ஓட்டுக் கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓடு மாத்தணும்னா அடுத்ததையும் எடுத்து அடுக்கணுமில்ல? செத்த டிஸ்க்குக்குப் பதிலா புதுசு போட்டு நிரப்பும்போது அதுதான் நாள் கணக்கா இழுக்கும்.

கல்லூரி மாணவர்: பழைய லேப்டாப்பை நாஸாக்கலாமா?

ஆக்கலாம், ஓப்பன்மீடியாவால்ட்னு நாஸுக்கான இலவச மென்பொருள் இருக்கு, அதைப் போடுங்க. பேட்டரி உப்பியிருந்தா முதல்ல அதை அப்புறப்படுத்துங்க.

துபாயில் வேலை பார்ப்பவர்: ஊர் வீட்டு நாஸை இங்கிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர வழி) திறக்கலாமா?

நாஸுக்கு நேராத் திறக்கவே கூடாது. வயர்கார்ட்ங்கிற விபிஎன் (பூட்டுப் போட்ட தனி வழி) மூலமா உள்ளே போங்க. வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்கலைன்னா, அதே மாதிரி வேலை செய்யுற டெயில்ஸ்கேல் போடுங்க.

கடலூர் வாசகர்: இன்வெர்ட்டர் இருக்கே, தனியா யுபிஎஸ் எதுக்கு?

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தா அதில் வைங்க. சாதா மோடில் கரண்ட் மாறுற அந்தக் கண்ணிமைப்பில் நாஸ் அணைஞ்சு எழும். சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி, யுஎஸ்பி வயரால நாஸோட இணைச்சா, பேட்டரி தீரும் முன்னே நாஸ் தானே ஒழுங்கா மூடிக்கும். மொட்டை மாடிக் கேமராவுக்குச் செம்புக் கேபிள் போயிருந்தா, இடி மழை வரும் முன்னாடியே சுவிட்சிலிருந்து அதைப் பிடுங்கி வைங்க.