மொனாட்நாக்: பாதி செங்கல், பாதி எஃகு

"பழைய வணிகக் கட்டடங்களில் உங்கள் மனதில் நின்றது எது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: சிகாகோ நகர மையத்தில், ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கும் மொனாட்நாக் கட்டடம்.

எங்கள் கிராமத்துப் பழைய வீட்டில் சுவர் ஒன்றரை அடி கனம். சின்ன வயதில் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துதான் படிப்பேன். மொனாட்நாக்கின் அடித்தளத்தில் சுவர் ஆறு அடி! மேலே போகப் போக மெலிந்து, உச்சியில்தான் எங்கள் வீட்டுக் கனத்துக்கு வருகிறது. 1891இல் முடிந்த வடக்குப் பாதியில் வெளிச்சுவர் வெறும் மறைப்பு அல்ல, 16 மாடிப் பாரத்தைச் சுமக்கிற செங்கல் சுவர்.

பாரத்தைச் சுவருக்குப் பதில் எலும்புக்கூடு போன்ற உலோகச் சட்டகத்தில் தாங்கவைக்கும் முறை அப்போது தெரியாமல் இல்லை. அதே ஊரில் 1885லேயே ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் அப்படி எழும்பிவிட்டது. ஆனால் பணம் போட்ட பாஸ்டன்காரர் பீட்டர் புரூக்ஸுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அலங்காரமும் வேண்டாம் என்றார். துருத்திக்கொண்டிருக்கும் இடமெல்லாம் புறாவும் அழுக்கும் சேருமாம். கட்டடக் கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட் அந்தக் கறாரிலிருந்தே அழகை எடுத்தார். சிற்பம் கிடையாது. அடியில் சுவர் மரத்தின் தூர் மாதிரி வெளியே வளைகிறது, உச்சியில் மறுபடி லேசாக விரிகிறது. இந்த வளைவுகளுக்கென்றே செங்கலைத் தனி அச்சில் வார்த்திருக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அதுதான். வேலை முடிவதைப் பார்க்க ரூட் இல்லை. 1891 ஜனவரியில், 41 வயதில் இறந்துபோனார்.

சிகாகோ மண் இளகிய களிமண். அதனால் எஃகும் கான்கிரீட்டும் சேர்த்துத் தெப்பம் போல அஸ்திவாரம் போட்டார்கள். எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டே கட்டினார்கள். காலப்போக்கில் இறங்கியது 20 அங்குலம்.

அப்புறம் 1893இல் தெற்குப் பாதி முடிந்தது. கட்டியது ஹோலபர்ட், ரோச் என்ற வேறு இருவரின் நிறுவனம். எஃகுச் சட்டகம்தான் பாரம் தாங்கும், சுவர் வெறும் போர்வை. செலவு குறைவு, வாடகைக்கு விட இடம் அதிகம். வியாபாரக் கணக்கில் அதுதான் சரி. ஆனாலும் என் கண் வடக்குப் பக்கமே போகிறது. இரண்டே வருட இடைவெளியில் கட்டுமான முறையே மாறிப்போனதை ஒரே கட்டடத்தில் பார்க்க முடிகிறதே, அதுதான் உங்கள் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில்.

நீங்கள் போனால் வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஜாக்சன் தெரு வாசலில் நுழைந்து, இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள் உள்ள நடையில் வான் பியூரன் தெரு வரை நடங்கள். வழியில் வடக்குப் பாதியின் படிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். அது அலுமினியம், கட்டட வேலையில் அந்த உலோகத்தை முதன்முதலாகப் பயன்படுத்திய இடங்களில் இதுவும் ஒன்று.