எழுதப்படாத ஓய்வு

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் ஒரு குழுக்கடன் நிறுவனத்தின் கிளை மேலாளராக இருக்கிறேன். காலை 7 மணிக்கே உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில், கடன் வாங்கிய பெண்கள் குழுவாகக் கூடித் தவணை கட்டும் சென்டர் மீட்டிங் தொடங்கிவிடும். மாலையில் கிளைக்கு வந்து வசூல் கணக்கை முடித்தால், இரவு 9 மணிக்கு மேலிடத்திலிருந்து ரிவ்யூ கால். வசூலுக்குப் போகும் ஊழியர்களில் நன்றாக வேலை பார்த்த ஒருவர் சில மாதங்களாக ஆளே மாறிவிட்டார். கணக்கில் தவறு விடுகிறார், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார், "செத்தாத்தான் சார் நமக்கெல்லாம் லீவு" என்கிறார். எல்லாரிடமும் அன்பாகத்தான் பேசுகிறேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகா வகுப்பு நடத்தும்படி தலைமை அலுவலகம் சொல்லியிருக்கிறது. இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி குறைவோ என்றும் தோன்றுகிறது. மேலாளராக நான் என்ன செய்யலாம்?

மு., திருமங்கலம்

அன்புள்ள மு.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம். "செத்தாத்தான் லீவு" என்று அவர் சொன்னதைப் பேச்சுவாக்கில் வந்ததாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அவரைத் தனியே அழைத்து, கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல், உறக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே உடன் செல்லுங்கள். நள்ளிரவிலும் பேசுவதற்கு அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் இருக்கிறது.

தாங்கும் சக்தியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சித்திரை வெயிலில் பேரையூர்ச் சாலையில் பைக்கில் போய், தவணை கட்ட வழியில்லாத ஒரு பெண்ணின் வாசலில் மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க நின்று பணம் கேட்டுவிட்டு, அன்று இரவே "பணம் ஏன் வரவில்லை" என்று மேலிடத்திலும் ஏச்சு வாங்குகிறவரைப் பற்றி அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இத்தனை காலம் தாங்கியதால்தான் அவர் இந்த நிலைக்கு வந்திருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இந்தப் பணிச்சோர்வை விளக்கியபோது, இது நோய் என்று சொல்லவில்லை; பணியிடத்தில் நாட்பட்டுச் சரிசெய்யப்படாமல் கிடந்த அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, வேலைத்திறன் குன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றையும் நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, மருந்தை அந்த மனிதரிடம் தேடுகிறீர்கள்.

யோகா வகுப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே நாளையும் எடுத்துக்கொள்கிற எதையும் ஓய்வு என்று சொல்ல முடியாது. கேக் வெட்டுவதில் கெடுதல் இல்லை.

அன்பாகப் பேசுகிறேன் என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும்போது தீபாவளி வியாபாரத்துக்காக மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டும். கவுண்டரில் சாய்ந்தாலே கல்லாவிலிருந்து குரல் வரும். குழந்தைகள் துணிப் பிரிவில் வீங்கிய கால்களோடு ஓர் அக்கா இருந்தார். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கவுண்டரின் அடிப்பலகையில் ஒரு பாதத்தை வைத்து அழுத்துவார். சற்று நேரம் கழித்து மற்றொரு பாதத்தை வைப்பார். முகத்தில் சிரிப்பு மாறாது. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் அந்தக் காலைக் கவனித்துவிடுவார். "யக்கா, குடோன்ல அட்டைப்பெட்டி எத்தன கெடக்குன்னு எண்ணிட்டு வாங்க" என்பார். அந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்பட்டதில்லை. குடோனில் துணிக்கட்டுகளின்மேல் கால் மணி நேரம் உட்காரலாம், அவ்வளவுதான். எல்லாரையும் முறைவைத்து அப்படி அனுப்பினார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் அவர் வேறு கடைக்குப் போன மறுநாளிலிருந்து யாரும் பெட்டி எண்ணப் போகவில்லை. அந்த அக்காவின் ஓய்வு ஒரு நல்ல மனிதரின் கண்பார்வையில் மட்டும் இருந்தது. எந்தத் தாளிலும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் அமர இருக்கை தர வேண்டும் என்று எழுதுவதற்கு 2021 வரை ஆயிற்று. எழுதிய பிறகும் எல்லாக் கடையிலும் உட்காரவிடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதியிருந்தால் கேட்கலாம், கேட்டுச் சண்டை போடலாம். கருணையைக் கேட்டு யாரும் சண்டை போட முடியாது.

உங்கள் தொழிலையே பாருங்கள். கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைப்பதைக் கடுமையான வசூல் முறை என்று ரிசர்வ் வங்கி 2022இல் நுண்கடன்களுக்கான நெறிமுறையில் எழுதிவைத்தது. கடன் வாங்கிய பெண்ணுக்கு அந்த எல்லை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். வசூலிக்கப் போகிறவரை இரவு 9 மணிக்கு உங்கள் நிறுவனமே அழைக்கிறது.

ஆகவே எழுதுங்கள். நிலுவை அதிகமுள்ள கிராமங்கள் எப்போதும் ஒருவர் தலையிலேயே விழாமல் மாதந்தோறும் மாறட்டும். அந்த முறை கிளைச் சுவரில் ஒட்டப்படட்டும். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் பீல்டுக்குப் போகாமல் கிளையில் அமர்ந்து கணக்கு மட்டும் பார்க்கட்டும். விடுப்புக் கேட்டால் காரணம் கேட்பதில்லை என்றும் அதில் இருக்கட்டும். உங்களிடம் வருகிற பொய்க் காரணங்களெல்லாம் நீங்கள் கேட்பதால் வருகிறவைதான். இரவு ரிவ்யூவில் இனி நீங்கள் மட்டும் பேசுங்கள். ஏச்சு உங்களோடு நிற்கட்டும், அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு மேலாளர் சம்பளம். இவற்றையெல்லாம் தலைமை அலுவலகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள்.

உங்களுக்கும் நெருக்கடி இருக்கிறது, அதை நான் அறியாதவன் இல்லை. டார்கெட் குறைந்தால் உங்கள் நாற்காலியும் ஆடும். அதனால் கடிதத்தில் உருக்கம் வேண்டாம். கடந்த ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், புதிய ஆள் கிராமத்தையும் குழுப் பெண்களையும் பழகி எடுக்க எத்தனை வாரமாயிற்று, அந்த வாரங்களில் வசூல் எவ்வளவு குறைந்தது என்று உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுத்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.