டிஎஸ்பி சால்வரைச் சோதிப்பது: கேள்வி பதில்

எல்லா ஊருக்கும் ஒரே ஒரு முறை போய்க் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய சுற்றைத் தேடும் கணக்குக்குத்தான் டிஎஸ்பி (டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம்) என்று பெயர். அதைத் தீர்க்கும் புரோகிராம்கள், அதாவது சால்வர்கள் பற்றிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை கெர்ஹார்ட் ரைனெல்ட் 1991-இல் வெளியிட்ட டிஎஸ்பிலிப் என்ற மாதிரிக் கணக்குகளின் தொகுப்பைச் சுற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: தொகுப்பில் உள்ள 52 ஊர்க் கணக்கான பெர்லின்52-க்குச் சிறந்த விடை (மிகக் குறுகிய சுற்றின் நீளம்) 7542 என்கிறார்கள். எனக்கு 7544.37 வருகிறது, எவ்வளவு ஓடவிட்டாலும் குறையவில்லை. எங்கே தப்பு சார்?

பதில்: உங்கள் சுற்று சரிதான், கூட்டுகிற விதம்தான் வேறு. ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் இடையிலான தூரத்தை முதலில் மிக அருகில் உள்ள முழு எண்ணாக்கிவிட்டு, அப்புறம்தான் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் அதே சுற்று 7542 காட்டும்.

கேள்வி: ஏடிடி48-இல் எனக்கு 33,500-க்கு மேல் வருகிறது, ஆனால் விடை 10628 என்று போட்டிருக்கிறது!

பதில்: கோப்பின் மேலே 'எட்ஜ் வெயிட் டைப்' என்று, தூரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ஒரு வரி இருக்கும், தயவுசெய்து முதலில் அதைப் படியுங்கள். அங்கே ஏடிடி என்று இருந்தால், தூரத்தின் வர்க்கத்தைப் பத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். பர்மா14-இலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு: அதில் 16.47 என்றால் 16 பாகை 47 நிமிடம், அதாவது 16.78 பாகை. தசமம் என்று நினைத்து நேரே ஊட்டினால் 3323 ஒருநாளும் வராது.

கேள்வி: என் 2-ஆப்ட் (சுற்றில் இரண்டு இணைப்புகளை மாற்றி மாற்றிக் குறைக்கும் முறை) பெர்லின்52-இல் ஒருதடவை 7542-ஐத் தொட்டது. நல்ல சால்வர் என்று சொல்லலாமா அண்ணா?

பதில்: இப்போதே சொல்லாதீர்கள். 52 ஊர் சின்னக் கணக்கு, அதிர்ஷ்டத்திலேயே கிடைத்துவிடும். வெவ்வேறு சீட் (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) கொடுத்துப் பல முறை ஓட்டி, சிறந்த விடையிலிருந்து சராசரியாக எத்தனை சதவீதம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள், ஓடிய நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்புறம் க்ரோஏ100 (சிறந்த விடை 21282), பிஆர்2392 (378032) என்று பெரிய கணக்குகளுக்கு ஏறுங்கள். நல்ல தொடக்கச் சுற்றோடு 2-ஆப்ட் சுமார் 5 சதவீதத்தில் நிற்பது இயல்பு. லின்-கெர்னிகன் என்ற இன்னும் வலுவான முறை 2 சதவீதம் வரை இறங்கும். உங்களுடைய 2-ஆப்ட் 15 சதவீதத்தில் நின்றால் கோடில் பிழை இருக்கலாம், தேடுங்கள்.

கேள்வி: சிறந்த விடையே தெரியாத பெரிய கணக்கு என்றால்?

பதில்: ஹெல்ட்-கார்ப் கீழ்வரம்பை, அதாவது எந்தச் சுற்றும் அதற்குக் கீழே போக முடியாத ஒரு நீளத்தைக் கணக்கிட்டு அதோடு ஒப்பிடுங்கள். 85,900 ஊர் கொண்ட பிஎல்ஏ85900-இன் 14,23,82,641 என்ற நீளம் ஹெல்ஸ்கானின் எல்கேஹெச் என்ற சால்வர் மூலம் கிடைத்தது. அதைவிடக் குறைந்த சுற்றே கிடையாது என்று 2006-இல்தான் கான்கார்ட் என்ற இன்னொரு சால்வர் நிரூபித்தது.

கேள்வி: எனக்குச் சிறந்த விடையைவிடக் குறைவாகவே வருகிறதே?

பதில்: கடைசி ஊரிலிருந்து முதல் ஊருக்குத் திரும்பும் தூரத்தைக் கூட்டினீர்களா என்று பாருங்கள்.