கேம்களும் பேர்மிட் காணியும்

வணக்கம் அண்ணா,
சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 30 கேம் வரை வாங்கிவிட்டேன். கடையை மூடினால் எல்லாம் போய்விடும் என்கிறான் நண்பன். அவ்வளவு பெரிய நிறுவனம் அப்படிச் செய்யுமா? ஜிஓஜி என்ற மற்றக் கடைக்கு மாறவா?
- ஒரு வாசகர், பரந்தன்

அன்புள்ள தம்பி,

வன்னியில் காணி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "உறுதியா, பேர்மிட்டா?" உறுதி என்றால் சொந்தக் காணி, பேர்மிட் என்றால் அரச காணியை அனுபவிக்கத் தரும் அனுமதி. நீங்கள் வாங்கியவை எல்லாம் பேர்மிட். அனுபவிக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது. பேர்மிட் காணிக்காவது பின்னுரித்தாளர் பெயரைப் பதியலாம். ஸ்டீம் கணக்கைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கக்கூட அவர்களுடைய நிபந்தனைகளில் இடமில்லை.

கடை மூடினால்தான் பயம் என்றும் இல்லை. யூபிசொப்ட் 2014இல் 'தி க்ரூ' என்ற காரோட்டும் கேமை வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் அவர்களுடைய சேர்வரோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31இல் சேர்வரை நிறுத்தினார்கள். அப்புறம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்தார்கள். டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். அந்தக் கோபத்தில் ரோஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025இல் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

கூகுள் தன்னுடைய இணையவழிக் கேம் சேவையான ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடியபோது கேம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. நல்ல விஷயம். ஆனால் எல்லாக் கடையும் அப்படிக் கொடுக்கும் என்று நான் நம்பமாட்டேன். விற்பது உரிமம் மட்டும்தான் என்று 2024 ஒக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டுமிடத்தில் எழுதியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வந்த சட்டம்தான் காரணம்.

ஜிஓஜி விற்பதும் சட்டப்படி உரிமம்தான். ஆனால் நிறுவும் கோப்பை முழுதாக, டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல், கையில் தந்துவிடுகிறார்கள். அதை இறக்கி வைக்காவிட்டால் அங்கே வாங்கியும் பயனில்லை. எங்கள் பக்கத்து இணைப்பில் 50 ஜிபி இறக்குவது சும்மா வேலையில்லை, தெரியும். இரவு டேட்டா இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பாருங்கள். ஓடினால் சரி.

ஸ்டீமைக் கைவிட வேண்டாம். அங்கேயும் சில கேம்கள் ஸ்டீம் இல்லாமலே ஓடும், ஃபோல்டரை நகலெடுத்தால் போதும். இனித் தனியாக விளையாடும் கேம் வாங்குவதென்றால் முதலில் ஜிஓஜியில் தேடுங்கள். சேர்வர் இல்லாமல் ஓடாத கேமுக்கு மட்டும் முழு விலை கொடுக்காதீர்கள், தள்ளுபடி வரட்டும்.